அரை மணி

ஆபீசர்ஸ் லைன் கடையில் காலை வைத்ததும்
"லேடீஸ் வாட்ச் இந்தப் பக்கம் மேடம்" என்றான் நயீம்.
வளையலுக்குத் தங்கை மாதிரி ஒரு பொன்வரிசை.
நான் எதிர்ப் பக்கம் போனேன்.
கைப்பையில் இருபது மாதச் சீட்டுப் பணம்.

இரண்டை வெளியே எடுக்கச் சொன்னேன்.

ஒன்று கடலுக்கு.
இருநூறு மீட்டர் ஆழம் தாங்குமென்று
முதுகில் பொறித்திருந்தது.
விளிம்பு வளையம் இடப்பக்கம் மட்டுமே திரும்பும்,
சுற்றுக்கு நூற்றிருபது சொடுக்கு.
வேலூரில் எதற்கு இருநூறு மீட்டர்?
கோட்டை அகழியில் தவறி விழுந்தாலும்
அவ்வளவு தூரம் போக வழியில்லை.

மற்றது பயணத்துக்கு. எட்டாயிரம் கூட.
நாலாவதாக ஒரு முள், ஆரஞ்சு நுனி,
நாளுக்கு ஒரே சுற்று.
இந்த ஊரும் இன்னோர் ஊரும் ஒரே முகத்தில்.
எனக்கென்றே செய்தது போல இருந்தது.

பதினேழு வருஷமாய் ஆம்பூரில்
தோல் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிறேன்.
வாங்குகிறவர்கள் இத்தாலியில்.
கோடையில் மூன்றரை கழி, குளிரில் நாலரை கழி.
தூக்கத்திலும் போடுவேன் அந்தக் கணக்கை.
ஒருமுறை மட்டும்
மூன்றரையை நாலு என்று எடுத்துக்கொண்டேன்.
நான் கூப்பிட்டபோது அந்த ஆள் ரயிலேறிவிட்டார்.
நாற்பதாயிரம் சதுர அடி ஆட்டுத்தோல்
துறைமுகத்தில் பதினொரு நாள் வேர்த்தது.
முதலாளி திட்டவில்லை.
அதுதான் இன்னும் எரிகிறது.

பயணக் கடிகாரத்தின் வாரை முகர்ந்து பார்த்தேன்.
கீழே பிளவுத்தோல், மேலே கெட்டியாய்ப் பூச்சு.
"ஒரிஜினல் லெதர் மேடம்."
"தோலுதாம்பா. ஆனா அந்த மாட்டுக்கே
அடையாளம் தெரியாது."

போகட்டும், வாரை மாற்றிக்கொள்ளலாம்.
திருகை இழுத்து நாலாவது முள்ளை நகர்த்தினேன்.
எட்டு. ஒன்பது. பத்து.
மணிக்கு மணி தாவுகிறது, நடுவில் நிற்க மாட்டேன் என்கிறது.
"அரைக்கு இன்னா பண்றது?"
"இன்னா அரை மேடம்?"
"நம்ம அரை மணி."
கையேட்டைப் புரட்டினான்.
ஏழு மொழியில் அச்சடித்திருந்தது.
அரை எந்த மொழியிலும் இல்லை.
எங்கோ பனி பெய்யும் ஊரில் யாரோ வரைந்தபோது
நாம் இத்தனை பேரும்
இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழுந்துவிட்டோம்.

கடல் கடிகாரத்தை மறுபடி எடுத்தேன்,
சும்மாதான், கை சும்மா இருக்காமல்.
வளையத்து முக்கோணம் பன்னிரண்டில் இருந்தது.
திருப்பினேன். வாய்க்குள் எண்ணினேன்.
நயீம் வேறு வாடிக்கையாளருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தான்.
எண்பத்தைந்தாவது சொடுக்கில்
முக்கோணம் மூன்றுக்கும் நாலுக்கும்
சரி பாதியில் நின்றது.
அதைப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டால்
சின்ன முள் காட்டுவது அவர்கள் நேரம்.
மூழ்குகிறவன் மூச்சை அளக்கச் செய்த பொருள்
அரையில் நிற்கிறது!

"யார் மேடம் சொல்லிக் குடுத்தாங்க?"
"கழித்தல்," என்றேன்.
என் மணிக்கட்டு மெலிசு.
கடிகாரம் அதன்மேல் தவளை மாதிரி உட்கார்ந்தது.
பில் போடச் சொன்னேன்.

விருதம்பட்டு பஸ், ஜன்னலோரம், பாலாற்றுப் பாலம்.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
வெளிச்சம் போவதற்குள் கடைசி ஓவர் போடும் பையன்கள்.
இருநூறு மீட்டர் தண்ணீரைக் கையில் கட்டிக்கொண்டு
தண்ணீரில்லாத ஆற்றைக் கடக்கிறேன்.
அந்த மணலில் எங்கள் தொட்டிச் சுண்ணாம்பும் இருக்கிறது.
அந்தக் காகிதத்தையும் நான்தான் பார்த்தேன்.

பக்கத்து சீட்டுக்காரர் என் கையை எட்டிப் பார்த்து,
"மணி இன்னாம்மா?"
எந்த ஊர்ல என்று வாய்வரை வந்தது.
ஆறு இருபது, என்றேன்.